மூஞ்சியைக் காட்டி வேலை கேட்ட கதை

போன வாரம் மூணு ராத்திரி தொடர்ந்து லேப்டாப் கேமராவைப் பாத்து "வணக்கம், என் பேரு..."ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். மொத்தம் 27 டேக். ஆபீஸ்ல எங்க ப்ராஜெக்டை இழுத்து மூடப் போறாங்க. அதனால வேலை தேடுற படலம் ஆரம்பம். நண்பன் ஒருத்தன் சொன்னான், "மச்சி, வெறும் ரெஸ்யூமே அனுப்பினா எவனும் தொறந்துகூடப் பாக்க மாட்டான். ஒரு நிமிஷ வீடியோ எடுத்து, அந்த கம்பெனி ஆளு பேரைச் சொல்லிப் பேசி அனுப்பு. கூட்டத்துல நீ தனியாத் தெரிவ."

தனியாத் தெரியறது. இதுதான் மேட்டர். 27 டேக்ல ஒண்ணுல குக்கர் விசில், ஒண்ணுல பக்கத்து வீட்டு நாய், மிச்சம் 25-ல என் மூஞ்சி :-) மூணாவது ராத்திரி கேமராவை மூடி வெச்சுட்டு, வேலை கேக்கறதுக்கு மூஞ்சியைக் காட்டுற பழக்கம் எப்போ ஆரம்பிச்சதுன்னு படிக்க உக்காந்தேன். பொட்டி தட்டுறவனுக்கு சரித்திரம் எதுக்குன்னு கேக்கறவங்க இத்தோட எஸ்கேப் ஆகிடலாம். மத்தவங்க வாங்க, கொசுவத்தியைக் கொஞ்சம் பெருசாவே சுத்துவோம்.

உலகத்தோட முதல் ரெஸ்யூமேன்னு எல்லாரும் காட்டுறது லியோனார்டோ டாவின்சி எழுதின கடிதத்தை. 1482 வாக்குல, மிலான் நகரத்தை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதினது. அப்போ அவருக்கு வயசு 30. கடிதம் பூரா தூக்கிட்டுப் போற பாலம், பீரங்கி, மூடின வண்டின்னு யுத்த சாமான்தான். கடைசியில போனாப் போகுதுன்னு, சிற்பம் செய்வேன், படமும் வரைவேன்னு ஒரு வரி. க்ளையண்டுக்கு என்ன வேணுமோ அதை முதல்ல எழுதணும்னு மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா அவர் கடிதத்தை மட்டும் நம்பலை. குதிரை மண்டையோடு வடிவத்துல வெள்ளியில செஞ்ச ஒரு யாழைத் தூக்கிக்கிட்டு நேர்ல போய் வாசிச்சுக் காட்டினார்னு வாசாரி எழுதி வெச்சிருக்கார். காகிதமும் உண்டு, நேர்க்காட்சியும் உண்டு. நம்ம வீடியோ சமாச்சாரத்துக்கு மூதாதையர் அந்த யாழ்தான்.

ராஜா காலத்துல இது சரி. ராஜா ஒருத்தர், பாக்க வேண்டிய ஆளும் கொஞ்சம். ஒரு நாடு முழுக்க இப்படி மூஞ்சியைக் காட்டி வேலை கேட்டா என்ன ஆகும்? அதுக்கு அமெரிக்கா போகணும், 1881-க்கு.

அப்போ அங்க ஒரு வழக்கம். ஜனாதிபதி மாறினா சர்க்கார் உத்தியோகமும் கட்சிக்காரங்களுக்கு மாறும். தபால் ஆபீஸ் குமாஸ்தாவிலேர்ந்து வெளிநாட்டுத் தூதர் வரைக்கும். வேலை வேணும்னா நேரா வெள்ளை மாளிகைக்குப் போய் வரிசையில நிக்கலாம். ஜனாதிபதியே உக்காந்து ஒவ்வொருத்தரா பாப்பார். நம்ம ஊர்ல மந்திரி வீட்டு வாசல்ல மனுவோட நிக்கற கூட்டத்தை நெனச்சுக்கோங்க, அதேதான்.

அந்த வரிசையில நின்ன ஒரு ஆள் சார்லஸ் கிட்டோ. ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஆதரிச்சு ஒரு பேச்சு எழுதி அச்சடிச்சிருந்தார். கார்ஃபீல்டு ஜெயிச்சதே அந்தப் பேச்சாலதான்னு மனசார நம்பினார். கூலியா பாரிஸ்ல தூதரகப் பதவி வேணும். ஜனாதிபதியை ஒரு தடவை நேர்ல பாத்து, பேச்சோட பிரதி ஒண்ணைக் கையில குடுத்தார். அதுல 'பாரிஸ்' பதவியைப் பேனாவுல எழுதி, அதுலேர்ந்து தன் பேருக்கு ஒரு கோடும் இழுத்து வெச்சிருந்தார். அப்புறம் கடிதத்துக்கு மேல கடிதம், நடைக்கு மேல நடை. 1881 மே மாசம் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பிளெய்ன் பொறுமை போய், இனிமே பாரிஸ் பேச்சையே எடுக்காதேன்னு கத்தி அனுப்பிட்டார்.

ஜூலை 2, 1881. வாஷிங்டன் ரயில்வே ஸ்டேஷன்ல கிட்டோ ஜனாதிபதியைச் சுட்டார். 79 நாள் படுத்திருந்து செப்டம்பர் 19-ல கார்ஃபீல்டு செத்துப் போனார். (குண்டை விட, கையைக் கழுவாம காயத்துக்குள்ள விரலை விட்டுத் தேடின டாக்டர்கள்தான் காரணம்னு சொல்றவங்க நிறைய. அது தனிக் கதை.) கிட்டோவை அடுத்த வருஷம் தூக்குல போட்டாங்க.

அவருக்கு மனநிலை சரியில்லைங்கறது கோர்ட்லயே பேசப்பட்ட விஷயம். அதனால "வேலை கிடைக்காத கோபத்துல சுட்டார்"னு சுருக்கறது நியாயம் இல்லை. ஆனா ஜனங்க அப்படித்தான் படிச்சாங்க. நேர்ல வந்து நிக்கறவனுக்கு வேலைங்கற ஏற்பாடே ஒரு ஜனாதிபதியைக் கொன்னுடுச்சுன்னு பேச்சு ஆச்சு. 1883 ஜனவரியில பெண்டில்டன் சட்டம் வந்துச்சு. கையெழுத்து போட்டவர் கார்ஃபீல்டுக்கு அடுத்து வந்த செஸ்டர் ஆர்தர். அவரே சிபாரிசு அரசியல்ல வளந்து, நியூயார்க் சுங்க இலாகாவை ஆண்டவர்ங்கறது தமாஷ். இனிமே குறிப்பிட்ட வேலைகளுக்குப் பரீட்சை எழுதணும். ஆரம்பத்துல பத்துல ஒரு வேலைக்குத்தான் இந்த விதி, அப்புறம் மெதுவா பரவுச்சு.

இந்தப் பரீட்சை யோசனைக்கும் நமக்கும் ஒரு ஒட்டுறவு உண்டு. அமெரிக்கச் சீர்திருத்தக்காரங்க முன்மாதிரியா எடுத்துக்கிட்டது பிரிட்டனை. பிரிட்டனோ போட்டிப் பரீட்சையை முதல்ல பெரிசா வெச்சது இந்திய சிவில் சர்வீஸுக்கு, 1855-ல. அதுவும் லண்டன்ல மட்டும். நம்மாளு எழுதணும்னா கப்பல் ஏறணும். மூஞ்சி தெரியாத பரீட்சையிலயும் வாசக்கதவை எங்க வைக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்!

சரி, அமெரிக்காவுக்கே திரும்புவோம். நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சது இனிமே வர்ற பகுதியைத்தான்.

பரீட்சை வந்ததும் ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. விடைத்தாளுக்கு நிறம் கிடையாது. அடிமைத்தனம் ஒழிஞ்சு ஒரு தலைமுறைகூட முழுசா ஆகாத காலம். ஆனா கறுப்பின மக்கள்ல நிறைய பேர் பரீட்சை எழுதி, வாஷிங்டன்ல குமாஸ்தா வேலைக்கு வந்தாங்க. மாசச் சம்பளம், வீடு, பசங்களுக்குப் படிப்புன்னு ஒரு நடுத்தர வர்க்கம் உருவாச்சு. காகிதத்துல இருந்தது பேரும் மார்க்கும் மட்டும்.

1913-ல உட்ரோ வில்சன் ஜனாதிபதி ஆனார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவரா இருந்த படிச்ச மனுஷன். அவரோட அமைச்சர்கள் தபால் இலாகாவுலயும் கருவூலத்துலயும் கறுப்பின ஊழியர்களைத் தனியா உக்கார வெச்சாங்க. தனிச் சாப்பாட்டு இடம், தனிக் கழிப்பறை. 1914-ல சிவில் சர்வீஸ் கமிஷன் ஒரு சின்ன விதியைச் சேத்துச்சு. விண்ணப்பத்தோட ஒரு புகைப்படம் ஒட்டணும்.

சொன்ன காரணம் என்ன தெரியுமா? ஆள்மாறாட்டத்தைத் தடுக்க. ஒருத்தருக்காக இன்னொருத்தர் பரீட்சை எழுதக் கூடாதாம். கேக்க நியாயமாத்தான் இருக்கு. நம்ம ஹால் டிக்கெட்ல போட்டோ ஒட்டறதும் இதுக்குத்தான். ஆனா அங்க இன்னொரு விதி ஏற்கனவே இருந்துச்சு. மார்க் வரிசையில முதல் மூணு பேரை அனுப்புவாங்க, அதுல யாரை எடுக்கறதுங்கறது அதிகாரி இஷ்டம். ரெண்டு விதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மூணு மார்க், மூணு போட்டோ. ஒருத்தர் கறுப்பினத்தவர். முதலா வந்திருந்தாலும் அவரைத் தாண்டிப் போகலாம், காரணம் எழுத வேண்டியதில்லை. நாங்க ப்ரோக்ராம் எழுதறப்போ ரெண்டு மாட்யூலும் தனித்தனியா ஒழுங்கா ஓடும், சேத்து ஓட்டினாத்தான் பக் தெரியும். இது அந்த மாதிரி. ஆனா இது பக் இல்லை, வேணும்னே எழுதின ஃபீச்சர்.

அதே 1914 நவம்பர்ல, பாஸ்டன் பத்திரிகையாளர் வில்லியம் மன்றோ ட்ராட்டர் வெள்ளை மாளிகைக்கே போய் வில்சன்கிட்ட நேருக்கு நேர் சண்டை போட்டார். இந்தப் பிரிவினை உங்க நன்மைக்குத்தான்ங்கற ரீதியில ஜனாதிபதி பதில் சொல்ல, வாக்குவாதம் முத்தி, ட்ராட்டரோட தொனி பிடிக்கலைன்னு வெளிய அனுப்பிட்டார். என்.ஏ.ஏ.சி.பி. சங்கமும் எதிர்த்துப் போராடுச்சு. ஆனா போட்டோ விதி 1940 வரைக்கும் இருந்தது. 26 வருஷம்! 1940-ல அதை எடுத்துட்டு ஆள் அடையாளத்துக்குக் கைரேகை வெச்சாங்க. ஆள்மாறாட்டம்தான் கவலைன்னா முதல்லயே கைரேகையோட நிறுத்தியிருக்கலாமேன்னு நான் கேக்கல, நீங்களே கேட்டுக்கோங்க.

அமெரிக்காவுல இன்னிக்கும் ரெஸ்யூமேல போட்டோ ஒட்ட வேண்டாம்னு சொல்றாங்களே, அது ஏதோ நாகரிகம்னுதான் இத்தனை நாள் நெனச்சிருந்தேன். 1964 சிவில் உரிமைச் சட்டம் வரைக்கும் போற ரத்தக் கதை அது. ஆன்சைட்ல இருந்தப்போ என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெச்ச ரெஸ்யூமேயைப் பாத்து அங்கத்து ஹெச்.ஆர். அம்மா ஏன் பதறினாங்கன்னு இப்பத்தான் புரியுது.

மூஞ்சியை மறைக்கறதுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1970-கள்லேர்ந்து அமெரிக்க சிம்ஃபனி குழுக்கள் ஆள் எடுக்கறப்போ திரை கட்டினாங்க. வாசிக்கறவர் திரைக்குப் பின்னாடி. செருப்புச் சத்தத்துல ஆணா பெண்ணான்னு தெரிஞ்சுடக் கூடாதுன்னு சில இடத்துல கம்பளம் விரிச்சாங்க. 1970-ல பெரிய அஞ்சு குழுக்கள்ல பெண்கள் நூத்துக்கு 5 பேருக்கும் குறைவு, 90-கள்ல 25 கிட்ட வந்துச்சு. திரைதான் முழுக் காரணமான்னு பொருளாதார ஆளுங்க இன்னும் அடிச்சுக்கறாங்க. ஆனாலும் திரை கட்டணும்னு தோணுச்சே, அதுவே பெரிசு.

இப்ப வீடியோ. 1980-கள்ல வீட்டுக்கு வீடு வி.சி.ஆர். வந்ததும் அமெரிக்காவுல கேசட்டுல பேசி அனுப்பிப் பாத்தாங்க. எடுபடலை. காகிதத்தை அரை நிமிஷத்துல புரட்டிடலாம், கேசட்டுக்கு டிவி வேணும், ரீவைண்ட் பண்ணணும். எவன் பாப்பான்? மலிவா அனுப்பவும் பாக்கவும் வழி வர்ற வரைக்கும் அந்த ஐடியா தூங்குச்சு. 2005-ல யூட்யூப் வந்துச்சு.

2006-ல யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருத்தர் யூபிஎஸ் வங்கிக்கு விண்ணப்பத்தோட வீடியோ ஒண்ணும் அனுப்பினார். தன்னைத் தானே பேட்டி எடுத்துக்கிட்ட மாதிரி ஆரம்பிக்கும். நடுவுல பளு தூக்குறார், டென்னிஸ் ஆடுறார், பனிச்சறுக்கு விடுறார், ஜோடி டான்ஸ் ஆடுறார், கையால செங்கல் அடுக்கை உடைக்கிறார். வெற்றியைப் பத்தி உபதேசம் வேற. வங்கிக்குள்ள யாரோ சிரிச்சுக்கிட்டே இன்னொருத்தருக்கு ஃபார்வர்டு பண்ண, அது வங்கி வங்கியாப் போய், அக்டோபர்ல உலகத்துக்கே வந்துடுச்சு. அதே மாசம்தான் கூகுள் 165 கோடி டாலருக்கு யூட்யூபை வாங்கறதா அறிவிச்சது. கெட்ட நேரம்னா அப்படி ஒரு கெட்ட நேரம். வக்கீல் வெச்சு இறக்கச் சொல்லிப் பாத்தார். இறக்க இறக்க ஏறுச்சு. 2009 பிப்ரவரியில 'ஹௌ ஐ மெட் யுவர் மதர்' சீரியல்ல பார்னி ஒரு வீடியோ ரெஸ்யூமே காட்டுவானே, அது இந்தப் பையனைக் கிண்டல் பண்ணினதுதான். நானும் அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சவன்தான்.

அவர் வேலைக்காக ஒரே ஒரு கம்பெனிக்கு அனுப்பின தனிக் கடிதம் அது. நாம யாருமே அதைப் பாத்திருக்கக் கூடாது. 2013 ஜனவரியில இறந்துட்டார். வயசு 29. அதைப் படிச்சதுக்கப்புறம் அந்த சீரியல் காட்சியை என்னால சிரிச்சுப் பாக்க முடியலை.

நல்லா நடந்ததும் உண்டு, இல்லைன்னு சொல்லலை. 2010-ல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம், இஷ்டப்பட்டா ஒரு நிமிஷ வீடியோ அனுப்புங்கன்னு அட்மிஷன் கேட்ட பசங்களைக் கேட்டுச்சு. சுமார் 15,000 விண்ணப்பத்துல 1,000 வீடியோ வந்துச்சு. ஒரு பையன் ரிமோட் ஹெலிகாப்டரை யானை மாதிரி செஞ்சு பறக்க விட்டான் (யானைதான் அந்தக் காலேஜ் சின்னம்). இதுல மூஞ்சி இல்லை, வேலை தெரியுது. லியோனார்டோ யாழ் மாதிரி. 2021 ஜூலையில டிக்டாக்கும் அமெரிக்காவுல வீடியோ ரெஸ்யூமேன்னு ஒரு மாசம் சோதனை வெச்சுச்சு. டார்கெட், ஷாப்பிஃபை எல்லாம் சேந்தாங்க. நம்ம ஊர்ல டிக்டாக்கையே 2020 ஜூன்ல தடை பண்ணிட்டதால நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை :-)

இதுக்கு நடுவுல கம்பெனிக்காரங்க வேற ரூட்டுல போய்க்கிட்டு இருந்தாங்க. 2004-ல யூட்டா மாநிலத்துல ஆரம்பிச்ச ஹையர்வ்யூ, ஆரம்பத்துல வேலை கேக்கறவங்க வீட்டுக்கு வெப்கேமராவை அனுப்பிப் பதில் ரெக்கார்ட் பண்ண வெச்சது. அப்புறம் மென்பொருளை விட்டு முகபாவத்துக்கும் சேத்து மார்க் போட வெச்சது. 2019-ல புகார் போச்சு. 2021 ஜனவரியில முகத்தை அலசறதை நிறுத்திட்டதா அறிவிச்சாங்க. இலினாய் மாநிலம் 2020-லேர்ந்து, செயற்கை அறிவு வீடியோவை அலசுதுன்னா முன்கூட்டிச் சொல்லி சம்மதம் வாங்கணும்னு சட்டமே போட்டிருக்கு. 1914-ல அதிகாரி கண்ணால பாத்ததை மெஷின் பாக்குது, அவ்வளவுதான்.

வட்டம் எங்க வந்து முடியுது பாருங்க. 2022 ஜூன்ல எஃப்.பி.ஐ. ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. வீட்டிலேர்ந்து செய்யற வேலைக்கு டீப்ஃபேக் மூஞ்சியோட இன்டர்வ்யூவுக்கு வர்றாங்களாம். உதட்டசைவும் குரலும் ஒட்டாது, இருமல் சத்தம் கேக்கும், ஆனா திரையில இருக்கற ஆள் இருமியிருக்க மாட்டார். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க மூஞ்சி கேட்டாங்க, இப்போ ஆள்மாறாட்டமே மூஞ்சியிலதான்!

இவ்வளவும் படிச்சுட்டு 28-வது டேக் எடுக்கலாம்னுதான் உக்காந்தேன். அப்பத்தான் நான் மறக்க நெனச்ச ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

ஒன்றரை வருஷம் முன்னாடி எங்க டீமுக்கு ரெண்டு பேர் எடுத்தோம். அப்போ வீடியோ அனுப்பச் சொல்லிக் கேட்டதே எங்க பக்கம்தான். 40-க்கு மேல வந்துச்சு. எங்க டேமேஜர், "நீங்களே பாத்து ஒரு பத்து பேரைத் தேத்திடுங்க"ன்னார். சாயங்காலம் ஆறு மணி, ஆணி நெறைய. ஒண்ணரை மடங்கு வேகத்துல வெச்சுப் பாத்தேன். அதுல ஒரு பொண்ணு. பின்னாடி சுண்ணாம்புச் சுவர், பாதி உரிஞ்சது. மேல கடகடன்னு ஃபேன். இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் ஆரம்பிச்சுத் தடுமாறி, திரும்ப ஆரம்பிச்சாங்க. நான் க்ளோஸ் பண்ணிட்டேன். பன்னெண்டு செகண்ட் இருக்கும். கம்யூனிகேஷன் சரியில்லைன்னு எக்செல்ல எழுதினேன். அந்த எழுத்து யாருக்கும் சந்தேகம் தராது. 1914-ல கமிஷன் எழுதினதும் அப்படித்தான் இருந்துச்சு.

நான் படிச்சது தமிழ் மீடியம். எங்க வீட்டுச் சுவரும் அதே சுண்ணாம்புதான். கேம்பஸ்ல என்னை எடுத்தது ஒரு எழுத்துப் பரீட்சை, அங்க யாரும் என் வீட்டுச் சுவரைப் பாக்கலை. இப்போ 27 டேக்ல நான் எதைத் திருத்திக்கிட்டு இருந்தேன்னு யோசிச்சா, சொல்ல வந்த விஷயத்தை இல்லை. பின்னாடி என்ன தெரியுதுங்கறதைத்தான். புத்தக அலமாரியை இழுத்துப் போட்டு மறைச்சிருந்தேன்.

ராத்திரியே பழைய மெயிலைத் தோண்டி அந்த வீடியோவைத் தேடினேன். எக்செல் இருந்தது, பேருக்கு நேரா நான் எழுதினதும் இருந்தது. லிங்க்கை அமுக்கினா, இந்தக் கோப்பு நீக்கப்பட்டுவிட்டதுன்னு வருது. பதிமூணாவது செகண்ட்ல அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது.

டிஸ்கி 1: நான் வீடியோ அனுப்பலை. எழுதின கோடையும், ஒரு பக்கக் கடிதத்தையும் அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரலை.

டிஸ்கி 2: யேல் பையன் பேரை வேணும்னேதான் எழுதலை. தெரிஞ்சவங்க பின்னூட்டத்துலயும் போடாதீங்க மக்கா, ப்ளீஸ்.